துரை பங்களாவின் பதினோரு புத்தகங்கள்

மூன்றாவது புத்தகத்தைத் தூசி தட்டும்போதுதான் சம்பங்கிக்கு விஷயம் புரிந்தது. பக்கங்கள் பிரியவில்லை. அச்சாபீஸில் மடித்த தாள் மடித்தபடியே, ஓரம் வெட்டாமல், ஒன்றோடொன்று சேர்ந்தே இருந்தது. முதல் இரண்டையும் மறுபடி எடுத்துப் பார்த்தாள். பதினொன்றும் அதே கதை.

சுரங்கத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்ட வருஷம், சீமைக்குக் கிளம்பிய துரை ஒருவரின் பங்களா ஏலத்தில் அவள் புருஷன் தாமோதரன் வாங்கிவந்த இங்கிலீஷ் புத்தகங்கள். ஊரெல்லாம் கட்டிலும் பீங்கானும் தூக்கி வந்தது. இவர் இதைத் தூக்கி வந்தார். சுரங்கத்தில் ஃபிட்டர் வேலை, வீட்டில் எழுத்தாளர். நாலைந்து கதை பத்திரிகையில் வந்த பிறகு தொழிலாளர் சங்கத்து மேடையில் கேட்க வேண்டுமே! துரை படித்ததையெல்லாம் தானும் கரைத்துக் குடித்தாயிற்று என்பார். அந்தத் துரையே பக்கம் பிரிக்கக் கத்தி வைக்கவில்லை என்பது இப்போதல்லவா தெரிகிறது.

அவர் நிஜமாகப் படித்தவை கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில் இருந்தன. எல்லாம் நாலணா துப்பறியும் நாவல்கள். எத்தனை சோப்பு போட்டாலும் போகாத கிரீஸ், கட்டைவிரல் ரேகையாக ஒவ்வொரு பக்க மூலையிலும் பதிந்திருக்கும். சிலதில் இரண்டு தடவை, மூன்று தடவை.

சாயங்காலம் சங்கத்துச் செயலாளர் ஏனோக் வருவான். வாசகசாலைத் திறப்பு விழாவில், ‘நம் எழுத்தாளர் படித்த நூல்கள்’ என்று பதினொன்றையும் மேஜைமேல் விரித்து வைக்கப் போகிறார்களாம். விரித்தால் மானம் கப்பலேறிவிடும். சம்பங்கி காய்கறிக் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பக்கத்து வீட்டு ஐடா எட்டிப் பார்த்தாள். “இன்னாக்கா பண்றே?”

“பூச்சி கீச்சி இருக்குதான்னு பாக்கறேன்.”

பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியவளிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கோபம் கோபமாக வந்தது. கோபத்திலும் கை நிற்கவில்லை. ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியபோது ஆறு புத்தகம் முடிந்திருந்தது.

தாமோதரன் உள்ளே வந்தார். தரையெல்லாம் காகிதத் துரும்பு, அவள் மடியில் ஏழாவது புத்தகம். சொம்புத் தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை அவர் அவளைப் பார்க்கவில்லை.

“எத்தினி நாளா தெரியும்?”

“இன்னிக்கித்தான்.”

“இங்கிலீசு வரலை சம்பங்கி. ரெண்டு பக்கத்துக்கு மேல போவ முடியல.”

“என்கிட்ட சொன்னா இன்னா? நான் இன்னா, மேடையா போட்டுச் சொல்லப்போறேன்?”

அவள் மறுபடி கத்தியை எடுத்தாள். “நவுருங்க. இன்னும் அஞ்சு கெடக்குது. ஏனோக்கு வந்துடுவான்.”

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. ஏனோக்தான். “அண்ணே, புக்கெல்லாம் ரெடியா?”

சம்பங்கி முந்தானையால் துரும்பை மறைக்கப் பார்த்தாள். தாமோதரன் குனிந்தார். கட்டிலுக்கடியிலிருந்து டிரங்குப் பெட்டி கரகரவென்று வெளியே வந்தது.

“படிச்ச புக்குதானே கேட்டே? இந்தா.”

ஏனோக் மூடியைத் திறந்தான். ஒன்றை எடுத்துப் புரட்டினான், இன்னொன்றைப் புரட்டினான்.

“இதோட ரெண்டாம் பாகம் இருக்குதாண்ணே? நானும் எத்தினி நாளா தேடறேன்.”

பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு அவன் போன பிறகு, தாமோதரன் சுவரில் சாய்ந்து, அவள் வெட்டிவைத்த முதல் புத்தகத்தை விரித்தார். எழுத்துக் கூட்டி, உதடு அசைய அசைய, ஒரு பக்கம் படிக்க வெகுநேரம் ஆயிற்று. கை கழுவிவிட்டுத் தொடுங்கள் என்று சொல்ல வாயெடுத்த சம்பங்கி, சொல்லாமல் துரும்பைக் கூட்டினாள். அவர் பக்கத்தைத் திருப்பினார். வெள்ளைத் தாளின் மூலையில் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்தது.