கிரேசி குடிக்காத கலர்

ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன வாய் மூடுவதற்குள் கலர் பெட்டி கூடத்துக்குள் வந்துவிட்டது. தூத்துக்குடியில் சோடா கலர் கம்பெனி வைத்திருக்கிற தேவபிரசாதம், மகன் சத்தியராஜுக்கு நிச்சயம் பண்ண நாசரேத்துக்குக் கையை வீசிக்கொண்டா வருவார்? முதல் பாட்டிலை உடைத்து, மருமகளாகப் போகிற கிரேசி டீச்சரிடம் நீட்டினார்.

"குடிம்மா. நம்ம வீட்டுச் சரக்கு."

"கோவிச்சுக்கிடாதிய மாமா. எனக்கு ஒத்துக்காது."

அம்மா பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினாள். கிள்ளட்டும். சீனிக்குப் பதிலாகப் போடுகிற சாக்கரின் உள்ளே போனால் ஒரு மணி நேரத்தில் கிரேசிக்கு உடம்பெல்லாம் தடிப்பு எழும்பும், உதடும் விரலும் வீங்கும். சீனி தட்டுப்பாடு வந்த வருஷம் பஸ் ஸ்டாண்ட் டீயில் ஆரம்பித்தது. பிறகு பள்ளிக்கூட விழாவில் தின்ற குச்சி ஐஸ். அதே டீத்தூளில் வீட்டில் சீனி போட்டுக் குடித்துப் பார்த்தாள், ஒன்றுமில்லை. "கடைக்காரன் கையை நிறுத்த முடியாது, உன் வாயை நிறுத்து" என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

"எங்க கலர்ல சீனிதான் போடுதோம்."

"சீனி மட்டுமா மாமா? வேதபுத்தகம் மேசையிலதான் இருக்கு, தொட்டுச் சொல்லுங்க."

தேவபிரசாதம் மின்விசிறியைப் பார்த்தார். "கொஞ்சம்போல சாக்கரினும்... எல்லாவனும் போடுததுதான். ஊர்ல எவனுக்கும் ஒண்ணும் ஆகலியே!"

"எனக்கு ஆகுதே."

"ஒரு மடக்குல உசிரா போயிரும்? கலரத் தட்டுனா எங்களையே தட்டுன மாதிரி. குடிச்சாத்தான் மோதிரம்."

சத்தியராஜ் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை அவளுக்குப் பிடித்திருந்தது, அதுதான் சங்கடம். அவன் அம்மா இன்பமணியோ, வந்ததிலிருந்து மணிக்கட்டைச் சொறிந்தபடி இருந்தாள். உப்புக்காற்றுச் சூடாம்.

"அப்ப மோதிரத்தப் பத்திரமா வச்சுக்கிடுங்க மாமா. விரல் வீங்குனா அது எப்படி ஏறும்?"

உள்ளே போனாள். காலையிலேயே பனங்கற்கண்டு போட்டுக் கலக்கி வைத்திருந்த எலுமிச்சம்பழத் தண்ணீரைச் செம்போடு கொண்டுவந்து, நடுக்கூடத்தில் நின்று, ஒரு தம்ளர் ஊற்றி மடக் மடக்கென்று குடித்தாள்.

"ஏளா," என்றாள் இன்பமணி, "எனக்கும் அதுல ஒரு தம்ளர் ஊத்து."

"நீ எதுக்குட்டீ..." என்று எழுந்தார் தேவபிரசாதம்.

"சீனி விலை ஏறுன நாள்லேருந்து நம்ம கலரக் குடிச்சிட்டு நானும் சொறியுதேன். நீங்க சும்மா இருங்க." குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். "ஏலே சத்தியா, தரையப் பாத்தது போதும். மோதிரத்த எடு."