கொலின்ஸ் அண்ணை பிடுங்கிய வயர்

1

இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. அரியாலையில் ஒரு கலியாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரி ஜெயனி சோறு பிசைவதை நிறுத்திவிட்டுச் சொன்னது. அவள் முடிக்குமுன் எனக்குள் முதல் வரி ஓடத் தொடங்கிவிட்டது:

மூன்று சேர்வர்களும் மூன்று சகோதரிகளைப் போல—

வேண்டாம். நேரே போவோம்.

2

கலியாணங்களை வெளிநாட்டு உறவுகளுக்கு நேரலையாகக் காட்டும் ஸ்டூடியோவில் ஜெயனிக்கு வேலை. முதலாளி கொலின்ஸ். அவள் கேட்டுக் கேட்டு வாங்கிப் பூட்டுவித்தவை மூன்று சேர்வர்கள், படத்தை வெளிநாட்டுக்கு அனுப்பும் கணினிப் பெட்டிகள். மூன்றும் ஒரே கணினி போல நடந்துகொள்ளும்; ஒன்று நின்றால் அதன் வேலையை மற்றது எடுக்கும். எந்தத் தரவுக்கும் இரண்டு பிரதி, இரண்டு வேறு பெட்டிகளில். (இங்கே கொட்டாவி வரும் என்று நண்பரொருவர் எச்சரித்தார். பொறுங்கள், வயரைப் பிடுங்கப் போகிறார்கள்.)

3

வயர் பிடுங்கிய நாள் காலை தொண்டைமானாற்று மண்டபமொன்றில் சுபாஜினியின் கலியாணம். அவளின் அப்பா பரமலிங்கம் கனடாவில்; இருதயச் சத்திரசிகிச்சை முடிந்து, விமானம் ஏற முடியாமல் திரைக்கு முன்னால் இருந்தார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கும் நேரம், ஸ்டூடியோவில் கொலின்ஸ் ஒரு சேர்வரின் மின்வயரைப் பிடுங்கினார்.

(ஏன்? மூன்று காரணங்கள் எழுதி அழித்தேன். ஜெயனி சொன்ன காரணம்: ஆசை.)

படம் உறைந்தது.

"அண்ணை! என்ன வேலை பாத்தனீங்கள்!" பக்கத்தில் நின்ற ஜெயனி கத்தினாள்.

"நீதானே விழாது எண்டனி?"

"விழுந்தா எழும்பும் எண்டுதான் சொன்னனான்!"

அந்தப் பெட்டிக்குள் மென்பொருளாய் இருந்து நேரலையை ஓட்டிய மெய்நிகர் கணினி இனி அடுத்த சேர்வரில் எழும்ப வேண்டும். எழும்பும். அதுவரை தாலி காத்திருக்குமா? மண்டபத்தில் நின்ற கமராக்காரன் நிருஷனுக்குப் போன் அடித்தாள்.

"ஐயரை மறி! தாலி கட்ட விடாதை!"

"என்னெண்டு அக்கா மறிக்கிறது?"

"கமரா பழுதெண்டு சொல்லு!"

நாதஸ்வரக்காரர் மூச்சை இழுத்தாயிற்று. நிருஷன் கமராவை ஸ்ராண்டிலேயே விட்டுவிட்டு மணமக்களுக்கு முன்னால் பாய்ந்தான். "நில்லுங்கோ ஐயா! கமரா வேலை செய்யேல்லை!" சபையே அவனைத் திட்டியது. அந்தத் திட்டோடு படம் திரும்பி வந்தது. திரை முழுக்க நிருஷனின் முதுகு.

"விலகு! விலகடா!" போனுக்குள் ஜெயனி.

விலகினான். கெட்டிமேளம்.

4

போன் மணி அடித்தது. பரமலிங்கம்.

"பாத்திட்டன் பிள்ளை! மாப்பிள்ளைக்குக் கை நடுங்கினதையும் பாத்தனான்!"

ஜெயனி கதிரையில் ஏறித் துள்ளினாள். (கதிரை என் சேர்க்கை. துள்ளியது உண்மை.)

இதோடு கதையை மனதுக்குள் முடித்தும் வைத்திருந்தேன். "இனித்தான் கதையே" என்றாள் அவள்.

நின்றுபோன பெட்டியின் பிரதிகளை மற்ற இரண்டும் தமக்குள் திரும்ப எழுதிக்கொண்டிருந்தன. அது முடியுமுன் இன்னொன்று நின்றால் படம் விழும், இம்முறை எழும்பாது.

கொலின்ஸுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அந்தமாதிரி, திறமாய் வேலை செய்யுது பிள்ளை! மற்றதையும் கழட்டிப் பாப்பம்."

அவர் கை இரண்டாவது வயரில். ஜெயனியின் கை அவர் கையில்.

அப்போது முதலாளியிடம் அவள் சொன்னதை எனக்கும் சொன்னாள். அச்சில் போட முடியாது. நீங்கள் அவளுடைய இடத்தில் நின்று, உங்கள் வாயால் சொல்லிப் பாருங்கள். கொஞ்சம் சத்தமாக.