ஆலை வாசலில் மாமா

கணக்கியல் படிக்கப் போன பெண் துணைப்பாடமாகப் பொது வரலாற்றை எடுத்திருக்கிறாள் என்றதும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொது வரலாறா? அப்ப தனி வரலாறுன்னு ஒண்ணு இருக்காக்கும்?"

"ராஜா கதை இல்லம்மா. நம்ம மாதிரி ஆளுங்க கதையை விசாரிச்சு, எல்லாரும் பாக்குற இடத்துல வைக்கிறது."

"நம்ம கதையை யாரு பாக்கப் போறா?" என்று அம்மா துணி உலர்த்தப் போய்விட்டாள்.

அந்த வருஷம் வகுப்புக்குக் கிடைத்த வேலை, மூடிப்போன நூல் ஆலையைப் பற்றி நகர நூலகத்தில் ஒரு கண்காட்சி. ஆலையின் கடைசி ஸ்ட்ரைக் அவள் பங்குக்கு வந்தது. அந்த ஸ்ட்ரைக்கை மீறி உள்ளே போனவர்களில் ஒருவர் அவளுடைய தாய்மாமா. ஆலை மூடி இத்தனை காலம் ஆகியும் அவர் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். முதுகுக்குப் பின்னால் 'கருங்காலி' என்பார்கள். காதில் விழாதவர் மாதிரி குடித்துவிட்டு வருவார்.

தயங்கித் தயங்கித்தான் ரெக்கார்டரோடு அவர் வீட்டுக்குப் போனாள். மாமா மறுக்கவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போலப் பேசினார்.

"எங்க பாப்பாவுக்கு அப்ப மூச்சு விடவே முடியலை. பெரிய ஆஸ்பத்திரியில சேர்க்க ஆலையோட சிபாரிசுச் சீட்டு வேணும். வேலைக்கு வர்றவனுக்குத்தான் சீட்டுன்னுட்டாங்க. போனேன். கூட்டாளிங்க எல்லாரும் வாசல்ல நின்னாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டே போனேன்." உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "சீட்டு கிடைச்சுது. புள்ளைதான் தங்கலை."

"இதைப் போடலாமா மாமா?"

"போடும்மா. நான் செஞ்சது சரின்னு எழுத வேண்டாம். ஏன் போனேன்னு மட்டும் எழுது."

எழுதினாள். பேராசிரியை நல்லவர்தான், ஆனால் கண்காட்சிப் பலகை விஷயத்தில் கறார். "நின்னுக்கிட்டே படிக்கிறவங்க நாலு வரிக்கு மேல படிக்க மாட்டாங்கம்மா. சுருக்கு." சுருக்கினாள். இன்னும் சுருக்கச் சொன்னார். அச்சகத்துக்காரர் வேறு அவசரப்படுத்தினார்; அவளுக்கோ மறுநாள் கணக்கியல் தேர்வு. குழந்தையின் கதையைப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு ஹெட்போனில் மாமாவின் குரலாகவே வைத்துவிடலாம் என்று முடிவாயிற்று. பலகையில் மிஞ்சியது, ஆலை வாசலில் தலை குனிந்து போகும் மாமாவின் பழைய புகைப்படமும், 'சிலர் உள்ளே போனார்கள். ஸ்ட்ரைக் உடைந்தது' என்ற வாசகமும்.

திறப்பு நாளன்று ஹெட்போன் வேலை செய்யவில்லை.

மாமா இஸ்திரி போட்ட சட்டையில், அத்தையையும் அழைத்துக்கொண்டு வந்தார். கூட்டத்தில் பழைய ஆலைக்காரர்கள் நிறைய. அவரைக் கண்டதும் படத்துக்கு முன்னால் நின்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பலகைக்கு அந்தப் பக்கமும் ஏதாவது எழுதியிருக்குமோ என்று எட்டிப் பார்த்தார்.

"பாப்பாவைப் பத்தி எங்கங்க போட்டிருக்கு?" என்று அத்தை சற்று உரக்கவே கேட்டுவிட்டாள். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அவள் ஓடி வந்தாள். "மாமா, அது ஹெட்போன்ல இருக்கு. இப்ப சரி பண்ணிடுவாங்க..."

"பரவாயில்லம்மா. அழகா வெச்சிருக்கே." அவள் தலையைத் தொட்டுவிட்டு, அத்தையோடு படியிறங்கிப் போனார்.

அவள் பேராசிரியையிடம் அழுது, சண்டை போட்டுப் புதுப் பலகை அடிக்க வைத்தாள். மாமா சொன்னது ஒரு சொல் குறையாமல், குழந்தையின் பெயரோடு அதில் இருந்தது. அதன் முன்னால் ஒரு ஆலைக்காரர் வெகுநேரம் நின்றுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அதைச் சொல்லத்தான் மாமா வீட்டுக்கு ஓடினாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"மாத்தியாச்சு மாமா. ஒரு தடவை வந்து பாருங்க."

"நீ செஞ்சா சரியாத்தாம்மா இருக்கும்," என்றார் திரும்பாமலே. "திரும்ப அங்க வந்து நிக்க எனக்குத்தான் தெம்பில்லை."

கண்காட்சி முடியும்வரை அவர் வரவில்லை. பலகைகளைக் கழற்றிய அன்று பேராசிரியை, "வேணும்னா உன் மாமா பலகையை நீயே எடுத்துட்டுப் போ," என்றார். அவள் அதை பஸ்ஸில் சுமந்துகொண்டுபோய் அத்தையிடம் கொடுத்தாள். அத்தை வரிவரியாக விரலை ஓட்டித் தன் பெண்ணின் பெயரைத் தேடினாள். கண்டுபிடித்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

அடுத்த அறையில் கட்டில் லேசாகக் கிறீச்சிட்டது. மாமா எழுந்து வரவில்லை.