இடியனுக்கும் தூசிக்கும் பிறப்புக் கதை

படத்தில் இடியன் மலையை உடைப்பான், தூசி சுவரைத் துளைத்துப் போவான். இருவரும் எங்கே பிறந்தார்கள், யார் பெற்றது என்று ஒரு வார்த்தை கிடையாது. அந்தக் குறையை, தியேட்டர் வாசலில் இடியனாக வேஷம் போட்டு நிற்கும் அண்ணனும் தூசியாக நிற்கும் தம்பியும்தான் தீர்த்துவந்தார்கள்.

வேலை லேசானது போலத் தெரியும். ரப்பர் உடுப்புக்குள் வெந்து சாக வேண்டும். குடும்பங்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும்போது முகமூடியைக் கழற்றக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. குரல் வெளியே கேட்டால் மேனேஜர் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் மட்டும் கேட்கிற மாதிரி, இடியன் லைன்மேனாக இருந்து ஷாக் அடித்தவன் என்றும், தூசி பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் பிறந்தவன் என்றும் புதிது புதிதாக அளப்பார்கள். இதுவரை எல்லாம் சிரிப்புக்குத்தான்.

அன்றைக்கு அண்ணன் சிரிக்கிற நிலையில் இல்லை. அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. தம்பியின் சிறுநீரகம் பொருந்துமா என்று மறுநாள் பரிசோதனை. "நானும் வர்றேம்மா" என்று அண்ணன் கேட்டதற்கு, "நீ வேண்டாம்பா, சின்னவன் வரட்டும்" என்று சொல்லிவிட்டாள். மூத்த பிள்ளைக்கு இதைவிட என்ன அவமானம்? தன் உடம்பிலிருந்து ஒன்று அம்மாவுக்குள் போக வேண்டும், அதற்காக அவன் எதையும் செய்வான்.

தம்பியின் தோளில் ஒரு குழந்தையை ஏற்றிவைத்து அதன் அப்பா கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தார். அண்ணன் அந்த நேரம் பார்த்து ஆரம்பித்தான்.

"தூசிக்குப் புதுக் கதை சொல்றேன் கேளு. அவனைத் தவிட்டுக்கு வாங்கினாங்க."

தம்பி சிரித்தான். எல்லா வீட்டிலும் அண்ணன்மார் சொல்வதுதானே.

"சிரிக்காத. எனக்கு மூணு வயசு. நீ தொட்டில்ல கிடக்கறே. 'ரெண்டுல ஒண்ணு வளர்ப்புப் பிள்ளைன்னு வெளிய தெரிய வேண்டாம்'னு அத்தை அம்மாகிட்ட சொன்னாங்க. என் காதால கேட்டேன். இத்தனை வருஷம் உனக்காக வாயை மூடிட்டு இருந்தேன். நாளைக்கு ஆஸ்பத்திரில போய் ஏன்டா அசிங்கப்படணும்? நான் போறேன்."

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்ட திருப்தி அவனுக்கு. தம்பியோ குழந்தையைக் கீழே இறக்கி, கைகுலுக்கி, டாட்டா காட்டி அனுப்பினான். நல்லவன்தான். ஆனால் அவனும் மனிதன், காலையிலிருந்து வெந்துகொண்டிருப்பவன்.

"இடியனுக்கும் ஒரு கதை இருக்குண்ணா. சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன்."

"சொல்லு."

"பஸ் ஸ்டாண்டுல ஒருத்தி கைக்குழந்தையை இன்னொருத்தி கையில குடுத்தா. 'கொஞ்சம் பிடிச்சுக்கங்க, இப்ப வந்துடறேன்'னு போனவ வரவே இல்ல. வாங்கினவளுக்குக் குழந்தை கிடையாது, வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டா. அதிர்ஷ்டக்காரக் குழந்தை. அது வந்த ராசி, மூணாவது வருஷமே அவளுக்குச் சொந்தமா ஒண்ணு பிறந்துடுச்சு. நீ கேட்டது சரிதான். தொட்டில்ல கிடந்தவன்னு நீயா நினைச்சுக்கிட்டே. தவிடு கூடக் குடுக்கலண்ணா, சும்மா வந்தே."

"பொய்."

"போன வாரம் டாக்டர் கேட்டப்ப அம்மாவே சொன்னாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டான் மூத்தவன். முகமூடிக்குள் அழுதால் துடைக்க வழியில்லை. இரண்டு சிறுமிகள் ஓடிவந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள். படம் எடுத்து முடியும்வரை அசையாமல் நின்றான்.

"சரி, பெத்த பிள்ளை இல்லைன்னே வச்சுக்க," என்றான் பிறகு. குரல் கெஞ்சியது. "வளர்த்தவங்களுக்குக் குடுக்கக் கூடாதா? பொருந்துதான்னு பாக்கலாமே. நான் தர்றேன்னு அம்மாகிட்ட சொல்லுடா."

"சொன்னேனே. டாக்டரும் பாக்கலாம்னாரு. அம்மாதான் ஒரே பிடியா மாட்டேன்னுட்டாங்க."

"ஏன்?"

"'பிடிச்சுக்கச் சொல்லித்தானே குடுத்துட்டுப் போனா. நாளைக்கு வந்து கேட்டா, பிள்ளையை முழுசாத் திருப்பிக் குடுக்கணுமே'ன்னாங்க."