அறுபடாத அழைப்பு

என் ரூட்டரின் கம்பியில் கைவைத்தபடி, என் மனைவி சிரித்து முடிப்பதற்காகக் காத்திருந்தேன்.

எங்கள் அலுவலகத் தொலைபேசி அழைப்புகள் யாவும் என் முன்னிருந்த அலமாரியிலுள்ள இரண்டு ரூட்டர்கள் வழியாகவே செல்லும். மேலே இருப்பது முதன்மை. அதை அமைத்தவன் நான். கீழே இருப்பது மாற்று. அதை அமைத்தவர் என் மனைவியின் தம்பி. மேலுள்ளது நின்றால் கீழுள்ளது அக்கணமே பொறுப்பேற்க வேண்டும். யாரையாவது தொலைபேசியில் பேச வைத்துவிட்டு மேல் கம்பியைப் பிடுங்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம். பேச்சு அறுபடாவிட்டால் வெற்றி. மைத்துனர் தம் அக்காவையே அழைத்து, ஒலிபெருக்கியையும் போட்டுவிட்டார்.

அவரை இவ்வேலைக்குப் பரிந்துரைத்தவனும் நான்தான். அதன்பின் வீட்டில் குழாய் ஒழுகினாலும் "தம்பி வரட்டும்" என்றாகிவிட்டது. என்னிடம் அவள் இப்படிச் சிரித்து நெடுநாளாயிற்று.

"பிடுங்கவா தம்பி?"

"பிடுங்குங்க அத்தான்."

சோதனை தோற்றால், அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மேலாளர் முன் தலைகுனிய வேண்டியவன் நானே. ஆயினும், ஒரே ஒரு நொடி அறுபடட்டும் என்று மனம் வேண்டிக்கொண்டது. அவள் "ஹலோ, ஹலோ" என்று தவிப்பதைக் கேட்க ஆசைப்பட்டேன். பிடுங்கினேன்.

"எதிர்வீட்டுக்காரி மூஞ்சி போன போக்கப் பாக்கணுமேடா!"

அவள் குரலில் ஓர் எழுத்துகூடக் குறையவில்லை.

"அக்கா, இப்பதான் உன் வீட்டுக்காரரப் புடுங்கிப் போட்டோம். ஏதாவது தெரிஞ்சுதா?"

"ஒண்ணுமே தெரியலையே!"

மேலாளர் கைதட்டினார். கம்பியை மீண்டும் செருகினேன். என் ரூட்டர் உயிர்பெற்றதே தவிர, தன் இடத்தை மீட்டுக்கொள்ளவில்லை. திரும்பி வந்ததும் பொறுப்பை எடுத்துக்கொள் என்னும் ஒற்றைக் கட்டளையை நான் எழுத மறந்திருந்தேன். மைத்துனர் திரையைப் பார்த்தார். மேலாளருக்குக் கேட்காதபடி குனிந்தார்.

"ஒரு வரிதானே அத்தான். நான் போட்டுடட்டுமா?"

அந்தக் கனிவைத்தான் என்னால் தாங்க இயலவில்லை.

"இருக்கட்டும் தம்பி. நானே போட்டுக்கறேன்" என்று விசைப்பலகையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"அவரு பக்கத்துலதான் இருக்காரா? பேசச் சொல்லேன்" என்றாள் அவள்.

மைத்துனர் தொலைபேசியை என் பக்கம் நகர்த்தினார். வாய் திறந்தேன். நான் என்ன பேசினாலும் அது அவருடைய ரூட்டர் வழியாகத்தான் அவளைச் சென்றடையும். விசைப்பலகைமீது விரல்கள் அப்படியே நின்றன.

"ஹலோ?" என்றாள். சற்றுப் பொறுத்து, "ஹலோ? என்னங்க, இருக்கீங்களா?"

கீழ் ரூட்டரின் விளக்குகள் படபடத்துக்கொண்டிருந்தன. மேலே என்னுடையதில் ஒரு பச்சை விளக்கு, எப்போதாவது ஒருமுறை, கண் சிமிட்டியது.