கரும்பலகையில் இடமில்லை

அந்த வக்கீல் ஆபீஸில் ஒரு பழக்கம் இருந்தது. புது வழக்கு எது வந்தாலும், அதற்கான கோப்பைத் திறப்பதற்கு முன், தேநீர் அறையிலிருக்கும் கரும்பலகையில் இரு தரப்புப் பெயர்களையும் எழுதி வைப்பார்கள். ஆபீஸில் இருப்பவர்கள் தேநீர் எடுக்க வரும்போது அதைப் பார்ப்பார்கள். எதிர்த்தரப்பு ஆள் தன்னிடம் நம்பிச் சொன்ன விஷயம் ஏதாவது யாருக்காவது தெரிந்திருந்தால், அவர் வாயைத் திறக்காமல் துணியை எடுத்துப் பெயர்களை அழித்துவிட வேண்டும். அழித்தவரிடம் ஏன் என்று கேட்கக் கூடாது. அந்த வழக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

பலகையை மாட்டியது அம்மா. விதியைப் போட்டதும் அவர்தான். அங்கே பெரிய வக்கீல் அம்மா, அடுத்தது அண்ணன். தங்கை போன மாதம்தான் வக்கீலாகப் பதிவு செய்திருந்தாள். வீட்டில் அவளைப் பொடிசு என்பார்கள். வக்கீலான பிறகும் அந்தப் பெயர் அவளை விட்டபாடில்லை. டைப்பிஸ்ட் அக்காவையும் சேர்த்தால் ஆபீஸில் மொத்தமே அவ்வளவு பேர்தான்.

திங்கட்கிழமை காலை பொடிசு தேநீர் அறைக்குள் நுழைந்தபோது பலகையில் எள் விழ இடமில்லை. மேலே மஞ்சள் சுண்ணக்கட்டியில் ‘நம் ஆபீஸ் செய்திகள்’ என்று கொட்டை எழுத்து. கீழே டைப்பிஸ்ட் அக்காவுக்குப் பேரன் பிறந்த செய்தி, பொடிசு வக்கீலான செய்தி, சனிக்கிழமைதோறும் நூலகத்தின் பின்னறையில் நடக்கும் இலவச ஆலோசனை பற்றிய செய்தி. ஓரத்தில் ஒரு பூ வேறு.

“அண்ணா, பேர் எழுத இடமே இல்லையே?”

“ஏதாவது ஒரு மூலையில அப்புறம் எழுதிக்கலாம்.” அண்ணன் விரல்களில் ஒட்டியிருந்த பசையைக் கழுவிக்கொண்டிருந்தான். “ஊருக்கு நாம செய்யறதை நாமளே சொல்லலைன்னா யாரு சொல்லுவா? சீக்கிரம் வா. கட்டடக்காரர் வந்திருக்கார். புது கேஸ். உன் பேர்லதான் போடப் போறோம். முதல் கேஸே யானை மாதிரி!”

கட்டடக்காரர் என்றால் கடைத்தெருவில் பாதிக்குச் சொந்தக்காரர். அவர் கொண்டுவரும் வழக்குகளில்தான் ஆபீஸ் ஓடியது. ‘அவர் தும்மினா நமக்கு ஜலதோஷம்’ என்று டைப்பிஸ்ட் அக்கா சொல்வாள்.

அம்மாவின் அறையில் அவர் நாற்காலியை நிறைத்து உட்கார்ந்திருந்தார். பொடிசைப் பார்த்ததும் சிரித்தார்.

“வா பாப்பா. கோட்டு போட்டுட்டியாமே? சண்டை போடத் தெரியுமா?”

“வீட்ல என்னோட தினம் போடறா சார்” என்றான் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள். பொடிசும் சிரித்தபடி உட்கார்ந்து பேனாவின் மூடியைத் திறந்தாள்.

“விஷயம் சின்னதுதான்” என்றார் கட்டடக்காரர். “என் கட்டடத்துல ஒரு தையல்காரி இருக்கா. காலி பண்ணுன்னா பண்ணமாட்டேங்கறா. கடைக்குப் பின்னாடி ஒரு அறை இருக்கு. அங்க வேற யாரோ உக்காந்து தைக்கறாங்க. ரெண்டு மிஷின் சத்தம் எனக்கே கேக்குது. கேட்டா, தங்கச்சி வந்து போறாங்கறா. அவ உள்வாடகைக்கு விட்டிருக்கான்னு மட்டும் நிரூபிச்சிட்டா போதும். மூட்டை முடிச்சோட தெருவுக்கு வந்துடுவா. ஆனா யாரு வந்து சாட்சி சொல்லுவா? அதான் மண்டையைக் குடையுது.”

பொடிசின் பேனா நின்றுவிட்டது.

சனிக்கிழமை நூலகத்தின் பின்னறையில் அவளுக்கு எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் இன்ச் டேப். அதைக் கழற்ற மறந்தே வந்துவிட்டிருந்தாள். அந்த அறையில் யாரிடமும் பெயர் கேட்பதில்லை. கேட்டால் பயந்துகொண்டு வரமாட்டார்கள் என்று அண்ணன்தான் அப்படி வைத்திருந்தான். அந்தப் பெண் டேப்பின் முனையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: ‘பின்னறையை இன்னொருத்திக்கு விட்டிருக்கேன் கண்ணு. தங்கச்சின்னு சொல்லி வச்சிருக்கேன். அவ தர்ற காசு இல்லைன்னா என்னால கடையை நடத்த முடியாது. இதை வெளிய சொல்லிடமாட்டியே?’

‘சொல்லமாட்டேம்மா’ என்று பொடிசு அவள் கையைத் தொட்டுச் சொல்லியிருந்தாள்.

கட்டடக்காரரின் மண்டையைக் குடையும் அந்த ஒரே கேள்விக்கு விடை அவரிடமிருந்து ஒரு மேஜை தூரத்தில் உட்கார்ந்திருந்தது. பொடிசு தண்ணீர் டம்ளரை எடுத்தாள். குடிக்காமலே வைத்துவிட்டாள். வழக்கை எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாமா? கோர்ட்டில் அந்தப் பெண்ணைக் கூண்டில் நிறுத்தி, ‘பின்னறையில் இருப்பது யார்?’ என்று தானே கேட்க வேண்டி வரும். வேண்டாம் என்று சொன்னால் இவர் ஏன் என்பார். தயங்கினாலே போதும், மோப்பம் பிடித்துவிடுவார்.

“என்ன பாப்பா, எழுதலையா?”

“எழுதறேன் சார்.”

“அவ எழுதட்டும்” என்றான் அண்ணன் உற்சாகமாக. “போகும்போது வாசல் கண்ணாடியைப் பாத்துட்டுப் போங்க சார். நம்ம சனிக்கிழமை சேவைப் படத்தைப் பெருசா போட்டு, நீங்க உள்ள வந்தப்புறம்தான் ஒட்டினேன். மேலயும் பசை தடவியிருக்கேன், இன்னும் காயல. இவ ஜம்முனு உக்காந்து யோசனை சொல்றா.”

“அப்படியா? பாத்துட்டாப் போச்சு.”

அந்தப் படம்! சனிக்கிழமை அண்ணன் கேமராவைத் தூக்கியதும் அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு, ‘என்னை எடுக்காதீங்க தம்பி’ என்றாள். ‘முகம் வராதும்மா, பின்னாலிருந்துதான்’ என்று அண்ணன் ஒரே ஒரு படம் எடுத்தான். முகம் வரவில்லைதான். முதுகும், கொண்டையும், கழுத்திலிருந்து தொங்கிய மஞ்சள் டேப்பும் வந்திருந்தன. தெருவில் போகிறவர்களுக்கு அது யாரோ ஒரு பெண். மாதாமாதம் வாடகை வாங்கப் போய் நிற்கிறவருக்கு அந்த முதுகு தெரியாதா? அவள் எதற்காக வக்கீலிடம் போனாள் என்று யோசிக்கத் தொடங்கினால் போதும்.

அவளுக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான்.

“அம்மா, பலகையைக் கொஞ்சம் பாக்கணும்” என்றாள்.

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். மகளை ஒரு கணம் பார்த்தார். பிறகு, “இதோ வந்துடறோம்” என்று கட்டடக்காரரிடம் சொல்லிவிட்டு எழுந்தார். அண்ணனும் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே வந்தான்.

தேநீர் அறைக் கதவைச் சாத்தியதும் பொடிசு துணியை எடுத்தாள். பேரன் போனான். பூ போனது. தன் பெயரையும் அவளே துடைத்தாள். பலகை நடுவில் கட்டடக்காரர் பெயரை எழுதி, எதிரில் ‘தையல் கடை’ என்று எழுதினாள். சுண்ணக்கட்டி உடைந்தது. மீதித் துண்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டையும் அழித்தாள்.

“ஏய், பைத்தியமா உனக்கு?” அண்ணன் குரலை அடக்கிக்கொண்டு சீறினான். “யாரைன்னு தெரிஞ்சுதான் அழிக்கிறியா? இந்த ஒரு கேஸோட போகாது. இருக்கிற அத்தனை ஃபைலையும் தூக்கிட்டுப் போயிடுவார். நாளைக்கு நாலு பேரும் ஈ ஓட்ட வேண்டியதுதான். அப்படி என்னதான் உனக்கு...”

“கேக்காதே” என்றார் அம்மா.

“அம்மா, இது அவர்...”

“யாரா இருந்தாலும்தான். நேத்து அவர் போன் பண்ணிச் சொன்னப்பவே பேரை எழுதியிருந்தா அவர் வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும். நீ பூ வரைஞ்சு வச்சிருந்தே.”

அம்மா போய்விட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் நிதானமாகக் கேட்டது. பிறகு நாற்காலி கிறீச்சிட்டது.

“காரணம் சொல்லுங்க வக்கீலம்மா!”

“காரணம் எனக்கே தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன். வேற நல்ல வக்கீலா பாத்துக்கோங்க.”

“இத்தனை வருஷப் பழக்கத்துக்கு இதுதான் மரியாதையா?”

தேநீர் அறையில் அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பொடிசு வாசல் பக்கம் பார்த்தாள். ஓடிப்போய்ப் படத்தைக் கிழித்தால் அவர் கண்ணெதிரிலேயே கிழித்தது போலாகிவிடும். அண்ணனிடம் சொல்லலாம் என்றால், படம் என்ற ஒரு வார்த்தை போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்கள் மட்டும் வாசலை விட்டு நகரவில்லை.

அண்ணன் நிமிர்ந்தான். அவள் பார்வை போன திசையைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். அழித்தும் அழியாமல் ‘தையல்’ என்ற எழுத்துகள் வெள்ளையாய்த் தெரிந்தன. அவன் கை தானாகத் தன் கழுத்துக்குப் போனது, அங்கே ஒரு டேப் தொங்குவதைப் போல.

“ஐயையோ” என்றான் மெதுவாக.

கட்டடக்காரர் அறையிலிருந்து வெளியே வந்தபோது அண்ணன் அவருக்கு முன்னால் பாய்ந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டான். “வாங்க சார், வாங்க. வண்டி வரைக்கும் வரேன்.” வெளியே போனதும் சட்டென்று திரும்பி, கண்ணாடியில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான்.

உள்ளிருந்து பார்த்த பொடிசுக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகுக்கு எதிரே கட்டடக்காரரின் சிவந்த முகம். அவர் விரலை நீட்டி ஏசிக்கொண்டிருந்தார். நன்றி கெட்டவர்கள் என்றார். நேற்று முளைத்த பொடிப்பெண்ணின் பேச்சைக் கேட்டு ஆடுகிறவர்கள் என்றார். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் “ஆமா சார், தப்புதான் சார்” என்று தலையாட்டினான். அவர் ஓர் அடி விலகினால் இவனும் கண்ணாடியோடு ஒட்டியபடி ஓர் அடி நகர்ந்தான்.

“ஏதோ படம்னியே?” என்று அவர் திடீரென்று கேட்டார்.

பொடிசு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“அதை இனிமே நீங்க எதுக்கு சார் பாக்கணும்? வயித்தெரிச்சல்தான்” என்றான் அண்ணன்.

“த்தூ” என்று அவர் காரில் ஏறினார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. கார் தெருமுனையில் திரும்பும்வரை அண்ணன் அசையவில்லை.

அவன் உள்ளே வந்து டைப்பிஸ்ட் அக்காவைக் கடந்து நடந்தான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணாடியில் இருந்த படம் காயாத பசையோடு அவன் சட்டை முதுகில் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

“என்னக்கா சிரிப்பு? நானே வயிறு எரிஞ்சு வரேன்.”

“நில்லு அண்ணா. அசையாதே.”

பொடிசு பின்னால் போய், ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உரித்தாள். கொண்டை வந்தது. டேப் வந்தது. அதை உள்பக்கமாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

“சட்டை போச்சா?” என்றான் அண்ணன் திரும்பாமல்.

“போச்சு.”

அவன் வேறெதுவும் கேட்கவில்லை. தேநீர் அறைக்குப் போய், ஈரத்துணியை எடுத்து, பலகையில் மிச்சமிருந்த எழுத்துகளை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான்.