பன்னிரண்டு பல்புகளும் ஓர் இமைப்பொழுதும்

குஞ்சுகளை ஏற்றிய வண்டி கிளம்பிவிட்டது என்று போன் வந்தபோது கொட்டகையில் ஒரு பல்புகூட எரியவில்லை. வரப்போவது பிறந்து ஒரே நாளான ஐந்நூறு கோழிக்குஞ்சுகள். சூடு கிடைக்காவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் செத்துப்போகும். அதற்காகவே அண்ணன் பன்னிரண்டு பல்புகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தான். போடக் கூடாது என்று மறித்து நின்றவள் தங்கை. மாலை வகுப்பில் மின்சாரம் படிக்க ஆரம்பித்து அவளுக்கு நான்கு மாதம் ஆகிறது.

"மீட்டர் வச்சுப் பார்த்தேன். ஒரு பல்போட தடை நாப்பது ஓம். இருநூத்தி முப்பது வோல்ட்டை நாப்பதால வகுத்தா அஞ்சே முக்கால் ஆம்பியர். நம்ம பிரேக்கர் தாங்குறதே ஆறுதான், மீறினா கரண்ட்டைத் துண்டிச்சிடும். ஒரு பல்புக்கு மேல போட முடியாது."

"பல்பு மேலயே நூறு வாட்னு போட்டிருக்கேடி! உன் கணக்குல எவ்வளவு வருது?"

"ஆயிரத்து முந்நூறு சொச்சம்" என்றாள். குரல் உள்ளே போய்விட்டது.

"அப்ப இனிமே சமையலையும் அதுலயே வச்சுக்கலாம்" என்றாள், மரத்தூள் பரப்பிக்கொண்டிருந்த அண்ணி.

தங்கைக்குக் காது சுட்டது. கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தாள், பிசகவில்லை. அளந்ததில்தான் கோளாறோ? பிரேக்கரை இறக்கி, ஒரு பல்பின் ஒயரைப் பிரித்து நடுவில் மீட்டரைக் கோத்தாள். அந்த ஒன்றை மட்டும் எரியவிட்டாள்.

மீட்டர் 0.43 ஆம்பியர் காட்டியது.

இருநூற்று முப்பதை அந்த எண்ணால் பெருக்கினால் தொண்ணூற்றொன்பது வாட். வகுத்தால் ஐந்நூற்று முப்பத்தைந்து ஓம். அணைத்து, ஆறவிட்டு, மறுபடி தடையை அளந்தாள். நாற்பதுதான்.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டுமே உண்மை. ஆறிக்கிடக்கும்போது நாற்பது ஓமாக இருக்கும் பல்புக்குள் இருக்கும் அந்த முடியளவு இழை, பழுத்து எரியும்போது தன் தடையைப் பதின்மூன்று மடங்கு ஏற்றிக்கொள்கிறது.

"அண்ணா, பன்னிரண்டும் சேர்ந்தாலும் அஞ்சேகால்கூட வராது. போடலாம்!"

அவள் வாய் மூடுவதற்குள் அண்ணன் பன்னிரண்டு சுவிட்சுகளையும் கீழே தட்டிவிட்டு பிரேக்கரை ஏற்றினான். பளிச்சென்று ஒரு வெளிச்சம், 'டப்' என்று ஒரு சத்தம். பிரேக்கர் விழுந்துவிட்டது.

"போச்சு! இவ பேச்சைக் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

வாசலில் வண்டியின் ஹாரன் கேட்டது. தங்கை விழுந்த பிரேக்கரைப் பார்த்தாள். நாம் படிக்கவே லாயக்கில்லையோ? அப்போதுதான் உறைத்தது: ஏற்றிய அந்த நொடியில் பன்னிரண்டும் ஆறிப்போன இழைகள். ஒவ்வொன்றும் ஐந்தே முக்கால். மொத்தம் அறுபத்தொன்பது ஆம்பியர்!

"நகருண்ணா."

எல்லாச் சுவிட்சையும் அணைத்தாள். பிரேக்கரை ஏற்றினாள். பிறகு ஒன்று, நிறுத்தி, இன்னொன்று. ஏழாவதில் அண்ணி மரத்தூள் கையோடு பக்கத்தில் வந்து நின்றாள். பன்னிரண்டாவதும் எரிந்தது. பிரேக்கர் அசையவில்லை.

"என்னடி மாயம் இது?"

"சூடாக அதுக்குக் கண் இமைக்கிற நேரம்கூட ஆகலை அண்ணி. ஒண்ணொண்ணாப் போட்டா ஒவ்வொண்ணும் அதுக்குள்ள தன்னைத்தானே அடக்கிக்குது."

அண்ணன் வண்டியிலிருந்து இறக்கிய முதல் பெட்டியைக் கவிழ்த்தான். மஞ்சள் குஞ்சுகள் கீச்சிட்டபடி ஓடி, வெளிச்ச வட்டங்களில் பரவிப் படுத்தன. ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை. தங்கை தலைக்கு மேலே பார்த்துக்கொண்டே நின்றாள்.